ஸ்பானிஷில் இரண்டு ‘ர’: எது எங்கே வரும், எப்படி வரவைப்பது?

கேள்வி இதுதான்: “எட்டு மாதமாக ஸ்பானிஷ் படிக்கிறேன். ‘ஆனால்’ என்று நான் சொன்னால் ஆசிரியைக்கு ‘நாய்’ என்று கேட்கிறது, ‘நாய்’ என்று சொன்னால் ‘ஆனால்’ என்று கேட்கிறது. நாக்கை உருட்டு, சுழற்று என்கிறார்கள். எவ்வளவு முயன்றாலும் வரவில்லை. போதாக்குறைக்கு, ஒற்றை எழுத்தாக எழுதியிருக்கும் இடத்திலும் சிலர் உருட்டுகிறார்கள். எங்கே எந்த ‘ர’? தமிழ் பேசிப் பழகிய வாய்க்கு இது வருமா?”

கண்டிப்பாக வரும். சொல்லப்போனால் பாதி வேலை உங்களுக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது. இணையத்தில் கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசுபவர்களுக்காக எழுதப்பட்டவை. அவர்களுக்கு எது கஷ்டமோ அது நமக்குச் சுலபம். நாம் தடுக்கி விழும் இடங்களோ அவற்றில் இருக்காது. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்பானிஷ் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். இரண்டு உயிர்களுக்கு நடுவில் ‘ர’ என்று ஒற்றையாக எழுதினால் நாக்கு ஒரே ஒரு முறை தட்டிவிட்டு இறங்கும் ஒலி. ‘ர்ர’ என்று எழுதினால் நாக்கு நுனி படபடவென்று துடிக்கும் ஒலி. ‘பேரோ’ என்றால் ‘ஆனால்’, ‘பேர்ரோ’ என்றால் ‘நாய்’. ‘ற்ற’ என்று நான் எழுதப்போவதில்லை. அப்படி எழுதினால் ‘காற்று’ என்று படிக்கும்போது வருகிற அந்த ‘ட்’ உள்ளே புகுந்து, நாய் ‘பெட்ரோ’ ஆகிவிடும்.

தமிழ் மொழியியலில் இந்த இரண்டுக்கும் அழகான பெயர்கள் இருக்கின்றன. ஒருமுறை தட்டுவது வருடொலி, துடிப்பது ஆடொலி. நம் பழைய இலக்கணமே ரகரம் பிறக்கும் விதத்தைச் சொல்லும்போது, நாக்கு நுனி அண்ணத்தை ‘வருட’ அது பிறக்கும் என்கிறது. ‘வருட’ என்ற அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பானிஷின் ஒற்றை ‘ர’வுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

‘மரம்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘ஒரு’, ‘கரண்டி’, ‘பரவாயில்லை’. மேல் பல்வரிசைக்குப் பின்னால் ஈறு சற்று மேடாக இருக்கிறதல்லவா, நாக்கு நுனி அந்த இடத்தை ஒரு தொடு தொட்டுவிட்டு இறங்குகிறது. தொடும் நேரம் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும். ‘பேரோ’, ‘காரோ’ (விலை அதிகமான), ‘தினேரோ’ (பணம்) எல்லாவற்றிலும் வருவது அதே ஒலிதான். புதிதாகக் கற்க எதுவுமில்லை. ஆங்கிலத்தில் ‘சாரி’ என்று ஆங்கிலேயர் சொல்லும்போது அவர்கள் நாக்கு எங்கேயும் தொடுவதே இல்லை. அதனால்தான் அவர்களுக்கான புத்தகங்களில், அமெரிக்கர்கள் ‘வாட்டர்’, ‘பட்டர்’ என்று வேகமாகச் சொல்லும்போது நடுவில் வருகிற ஒலியை எடுத்துக்கொள் என்று எழுதியிருக்கும். நாம் அதைப் பின்பற்றினால் ‘ட’ வந்து நிற்கும். அந்த அறிவுரை நமக்கானதல்ல, விட்டுவிடுங்கள்.

சரி, அப்படியானால் உங்கள் ஆசிரியைக்கு ‘பேரோ’ ஏன் ‘பேர்ரோ’ என்று கேட்கிறது? என் ஊகம், உருட்ட முயன்று முயன்று உங்கள் ஒற்றை ‘ர’வும் இறுகிப்போயிருக்கிறது. என் மாணவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. துடிக்கும் ஒலி பாதி வந்ததும், எல்லா ‘ர’விலும் அதைப் போட ஆரம்பித்துவிடுவார்கள். அது சின்னப் பிழை என்று நினைக்காதீர்கள். ஸ்பெயினின் சலமான்காவில் படிக்கப் போன ஒரு மாணவி, தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம் ‘இந்த விஷயம் அப்பாவுக்கு ஏற்கெனவே தெரியும்’ என்று சொல்ல நினைத்தாள். ‘மி பாத்ரே யா எஸ்தா எந்தெராதோ’ என்று சொல்ல வேண்டும். ‘எந்தெராதோ’ என்றால் விவரம் அறிந்தவர். அவள் நன்றாகச் சொல்ல வேண்டும் என்ற ஆசையில் அழுத்தி உருட்டி ‘எந்தெர்ராதோ’ என்றுவிட்டாள். அதற்குப் பொருள் ‘புதைக்கப்பட்டவர்’. அந்த அம்மா கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு வந்து அவளைக் கட்டிப் பிடித்து, ‘லோ சியெந்தோ மூச்சோ’ என்றாராம். ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்று பொருள். அவளுக்கு எதற்கு இந்த அணைப்பு என்று புரியவே சில நிமிடங்கள் ஆயிற்று.

இந்த மாதிரி ஜோடிகள் ஸ்பானிஷில் நிறைய. ‘காரோ’ விலை அதிகம், ‘கார்ரோ’ வண்டி. ‘கொரால்’ பவளம், ‘கொர்ரால்’ தொழுவம். ‘கொரேயா’ கொரியா நாடு, ‘கொர்ரேயா’ தோல்வார். ‘அஓரா’ இப்போது, ‘அஓர்ரா’ சேமிக்கிறார். ‘மீரா’ என்றால் ‘பார்’, ‘மீர்ரா’ என்றால் வெள்ளைப்போளம். எனக்கு மிகவும் பிடித்த ஜோடி ‘கெரீயா’வும் ‘கெர்ரீயா’வும். முதலாவது ‘விரும்பினேன்’, இரண்டாவது ‘விரும்புவேன்’ என்று நிபந்தனையோடு சொல்வது. ஒரு துடிப்பில் வினைச்சொல்லின் காலமே மாறிவிடுகிறது. இந்த வேறுபாடு சொற்பொருளை மாற்றுவது இரண்டு உயிர்களுக்கு நடுவில் வரும்போது மட்டும்தான். மற்ற இடங்களில் எந்த ‘ர’ வரும் என்பது விதிப்படி தானாக முடிவாகிவிடும். அந்த விதிகளுக்குப் பிறகு வருகிறேன், முதலில் துடிப்பை வரவைப்போம்.

துடிக்கும் ‘ர்ர’ விஷயத்தில் எல்லோரும் செய்யும் அடிப்படைத் தவறு ஒன்று இருக்கிறது. நாக்கை வேகமாக ஆட்ட வேண்டும் என்று நினைக்கிறார்கள். அந்தத் துடிப்பு நொடிக்கு ஏறத்தாழ 25 முதல் 30 தடவை நடக்கிறது. எந்த மனிதராலும் நாக்கை விருப்பப்படி அந்த வேகத்தில் மேலும் கீழும் அசைக்க முடியாது. அசைப்பது காற்று. பட்டத்தை நல்ல காற்றில் ஏற்றும்போது அதன் ஓரத்துக் காகிதம் விர்ரென்று அடித்துக்கொள்ளும். யாரும் அந்தக் காகிதத்தை ஆட்டவில்லை. ஓரம் தளர்வாக இருக்கிறது, சட்டம் விறைப்பாக இருக்கிறது, காற்று வேகமாகக் கடக்கிறது, அவ்வளவுதான். வாய்க்குள்ளும் இதே ஏற்பாடுதான். நாக்கின் பின்பகுதியும் இரண்டு ஓரங்களும் பட்டத்தின் சட்டம் மாதிரி விறைப்பாக, மேல் கடைவாய்ப் பற்களோடு ஒட்டி நிற்க வேண்டும். நுனி மட்டும் காகிதம் மாதிரி தளர்வாக ஈற்று மேட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். பின்னாலிருந்து காற்று வந்து நுனியைத் தள்ளித் திறக்கும். அந்தச் சின்ன இடைவெளி வழியாகக் காற்று பாயும்போது அங்கே அழுத்தம் குறையும், நுனி திரும்ப உறிஞ்சப்பட்டு மூடிக்கொள்ளும். மறுபடி காற்று தள்ளும். நாக்கை ஆட்ட வேண்டாம், ஆட விட்டால் போதும்.

நான் கற்றபோது முதல் நான்கு மாதம் எனக்கும் இது வரவேயில்லை. தினமும் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை அழுத்தி அழுத்திக் கன்னமெல்லாம் வலி எடுக்கும். ஒருநாள் அக்கா வீட்டில், அவள் மகன், நாலு வயது, சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங் மாதிரி பிடித்துக்கொண்டு கூடத்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். ‘ட்ர்ர்ர்ர்ர்’ என்று ஒரே மூச்சில் சமையலறை வரை போனான், அங்கே கியர் மாற்றினான், திரும்பி வந்தான். அப்படியே அவனைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். நான் நான்கு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த ஒலியை அவன் சோற்றுக் கையோடு செய்துகொண்டிருந்தான். நானும் சின்ன வயதில் அப்படித்தான் பஸ் ஓட்டியிருக்கிறேன். அன்று ராத்திரி மொட்டை மாடியில் நின்று ‘ட்ர்ர்ர்’ என்று பஸ் ஓட்டிப் பார்த்தேன். வந்தது. ஆடு மேய்ப்பவர்கள் ஆட்டை ஓட்டுவதற்கு ‘ட்ர்ர்ர்’ என்று ஒரு குரல் கொடுப்பார்களே, அதுவும் இதே ஆடொலிதான். நம் மொழியில் சொற்களுக்குள் இது அரிதாகப் போயிருக்கலாம். ஆனால் ஒலிக்குறிப்புகளில் பத்திரமாக இருக்கிறது.

எனவே பயிற்சியை அங்கிருந்து தொடங்குங்கள். முதலில் உதடுகளை மட்டும் தளர்வாக வைத்துக் குழந்தைகள் செய்வதுபோல் ‘ப்ர்ர்ர்’ என்று ஊதுங்கள். உதடு துடிப்பதற்கு எவ்வளவு காற்று வேண்டியிருக்கிறது, எவ்வளவு தளர்வு வேண்டியிருக்கிறது என்பதை உடம்பு புரிந்துகொள்ளும். அப்புறம் பஸ். ‘ட்ர்ர்ர்’ வந்துவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டே முன்னால் உள்ள ‘ட்’டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்ற வேண்டும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்வார்கள். ‘ட்’ இல்லாமல் தொடங்கத் தெரியாது.

அதற்கு ஒரு நல்ல படிக்கட்டு தமிழிலேயே இருக்கிறது, றன்னகரம். ‘ன்’ என்று சொல்லி நாக்கை அப்படியே நிறுத்திப் பாருங்கள். தந்நகரம் மாதிரி பல்லில் இல்லை, டண்ணகரம் மாதிரி மடங்கவும் இல்லை. சரியாக ஈற்று மேட்டில், ஸ்பானிஷ் ‘ர்ர’ பிறக்க வேண்டிய அதே இடத்தில் நிற்கிறது. இப்போது ‘கன்று’ என்பதை ஏட்டில் இருப்பதுபோல் நிதானமாகப் படியுங்கள், ‘கன்ட்ரு’. அந்த விடுபடும் ஒலியை நீட்டுங்கள், ‘கன்ட்ர்ர்ரு’. நாலைந்து தடவை சொன்ன பிறகு, நடுவில் உள்ள அடைப்பை விட்டுவிட்டு ‘ன்’னிலிருந்து நேராகத் துடிப்புக்குப் போங்கள். ஸ்பானிஷில் ‘ன்’னுக்குப் பிறகு வரும் ‘ர’ எப்போதும் துடிக்கும் என்பது நம் நல்ல காலம். ‘சொன்ரீசா’ (புன்னகை), ‘ஒன்ரா’ (மானம்), ‘என்ரீக்கே’ (ஓர் ஆண்பெயர்) இவற்றை எழுத்தில் ஒற்றையாகத்தான் எழுதுவார்கள், வாயில் உருளும். ‘ஒன்ரா’விலிருந்து தொடங்குங்கள், ‘சொன்ரீசா’வைக் கடைசியில் வையுங்கள். காரணம் இருக்கிறது. ‘இ’ சொல்ல நாக்கின் உடல் மேலே முன்னால் எழும்ப வேண்டும், துடிப்புக்கோ அது சற்றுப் பின்வாங்கி நிற்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று இழுபறி. அதனால் ‘ஆ’, ‘ஓ’ சுலபம், ‘இ’ கடினம். ‘ரோசா’ (ரோஜா), ‘ராமா’ (கிளை) வந்த பிறகு ‘ரீக்கோ’ (பணக்காரர், சுவையானது), ‘ரீஓ’ (ஆறு) என்று போங்கள்.

வராவிட்டால் நான் பார்ப்பவை மூன்று. நாக்கு நுனி பின்னால் மடங்கியிருக்கிறதா? தமிழருக்கு இது முதல் சந்தேகம். ட, ண, ள, ழ என்று மடக்கி மடக்கிப் பழகிய நாக்கு, கஷ்டமான ஒலி என்றதும் தானாக மடங்கிவிடும். மடங்கிய நுனியில் காற்று சரியாகப் பிடிக்காது. அடுத்து, நுனியை அழுத்திக்கொண்டிருக்கிறீர்களா? அழுத்தினால் அடைப்பு, துடிப்பு இல்லை. மூன்றாவது, வாய் அளவுக்கு மீறித் திறந்திருக்கிறதா? தாடை தொங்கினால் ஓரங்கள் கடைவாய்ப் பல்லை விட்டுவிடும், காற்று பக்கவாட்டில் கசியும். ஒரு விரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தால் போதும்.

ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், தினமும். ஒரே நாளில் ஒரு மணி நேரம் வேண்டாம், நாக்கு களைத்தால் இறுகும், இறுகினால் துடிக்காது. ஸ்பெயினிலோ மெக்சிகோவிலோ பிறந்த குழந்தைகளுக்கும் இதுதான் தாய்மொழியில் கடைசியாக வந்து சேரும் ஒலிகளில் ஒன்று. ஐந்து, ஆறு வயதுவரை கூட எடுக்கும். அதற்குப் பிறகும் வராத குழந்தைகளைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் அழைத்துப் போவது அங்கே சாதாரணம். வளர்ந்த பிறகும் வராதவர்களும் இருக்கிறார்கள். அர்ஜென்டினாவின் புகழ்பெற்ற எழுத்தாளர் ஹுலியோ கொர்த்தாசார் 1914இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர். அவர் குரல் பதிவுகளைக் கேட்டால், கடைசிவரை பிரெஞ்சுக்காரர் மாதிரி தொண்டையில் உரசும் ‘ர’தான் பேசியிருக்கிறார் என்பது தெரியும். ஸ்பானிஷ் உலகம் அவரை அப்படியே கொண்டாடியது. எனவே பதற்றம் வேண்டாம்.

“நம் ‘ற’வும் இதுவும் ஒன்றுதானே?” என்று வகுப்பில் அடிக்கடி கேட்பார்கள். நல்ல கேள்வி. கரை, கறை, இரை, இறை, அரம், அறம். இந்த ஜோடிகளுக்கும் ‘காரோ, கார்ரோ’வுக்கும் உள்ள ஒற்றுமை கண்ணில் படாமல் போகாது. கவனமாக உச்சரிப்பவர்கள் ‘கறை’யில் நாக்கைத் துடிக்கவிடுவார்கள். மலையாளத்தில் இந்த வேறுபாடு அன்றாடப் பேச்சிலேயே உயிரோடு இருக்கிறது, கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர்களிடமும் கேட்கலாம். உங்கள் வீட்டில் இரண்டும் வேறு வேறாக ஒலிக்கும் என்றால் உங்கள் ‘ற’வைச் சற்று அழுத்தமாக எடுத்துக்கொண்டாலே போதும். ஆனால் தமிழ்நாட்டில் இன்று பலருடைய பேச்சில் கரையும் கறையும் ஒன்றுதான், எழுத்தில்தான் வேறு. அவர்கள் ‘ற’வை நம்பிப் போனால் ஒற்றைத் தட்டலில்தான் போய் நிற்பார்கள்.

இப்போது எங்கே எது என்ற கேள்வி. ஸ்பானிஷ் எழுத்துமுறை இந்த விஷயத்தில் மிக ஒழுங்கானது. இரண்டு உயிர்களுக்கு நடுவில் இரட்டை எழுத்து இருந்தால் துடிப்பு, ஒற்றை இருந்தால் தட்டல். சொல்லின் முதலில் வந்தால் எப்போதும் துடிப்பு, ஆனால் எழுதுவது ஒற்றையாக. ‘ரோமா’, ‘ராமோன்’, ‘ரெய்’ (அரசர்) எல்லாம் உருளும். ‘ன்’, ‘ல்’, ‘ஸ்’ ஆகியவற்றுக்குப் பிறகு வந்தாலும் துடிப்பு: ‘அல்ரெதெதோர்’ (சுற்றிலும்), ‘இஸ்ராயேல்’. நீங்கள் ஒற்றை எழுத்தில் உருட்டலைக் கேட்டீர்களே, அது பெரும்பாலும் இந்த இடங்களாகத்தான் இருக்கும்.

சொல்லின் முதல் ‘ர’ துடிக்கும் என்ற விதி எவ்வளவு உறுதியானது என்றால், அந்தச் சொல் இன்னொரு சொல்லோடு ஒட்டி நடுவில் போய்விட்டாலும் துடிப்பு போகாது. அப்போது எழுத்து இரட்டித்துக்கொள்ளும். ‘புவெர்தோ ரீக்கோ’ என்ற தீவின் பெயரில் ஒற்றை எழுத்து, அந்தத் தீவுக்காரரைச் சொல்லும் ‘புவெர்தோர்ரிக்கேன்யோ’வில் இரட்டை. ‘பேலோ’ முடி, ‘ரோஹோ’ சிவப்பு, இரண்டும் சேர்ந்தால் செம்முடிக்காரர் ‘பெலிர்ரோஹோ’. நம் சந்தி மாதிரிதான், ஒலி மாறாமல் காப்பதற்கு எழுத்து வளைந்து கொடுக்கிறது. ஒரே ஒரு இடத்தில் கண் ஏமாறும். ‘சுப்ரயார்’ என்றால் அடிக்கோடிடுவது. ‘சுப்’ என்ற முன்னொட்டும் ‘ரயார்’ என்ற வினையும் சேர்ந்தது. எனவே ‘ப்’புக்குப் பிறகு வந்தாலும் அங்கே துடிப்பு. ‘அப்ரில்’ (ஏப்ரல்) போன்ற சாதாரணச் சொற்களில் ‘ப்ர’ என்பது வெறும் தட்டல்.

அந்தக் கூட்டெழுத்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. ‘த்ரேஸ்’ (மூன்று), ‘க்ராசியாஸ்’ (நன்றி), ‘ஃப்ரூதா’ (பழம்) இவற்றில் முதல் மெய்க்கும் தட்டலுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டி உயிர் இருக்கிறது. கருவியில் பதிவு செய்து பார்த்தால் தெரியும். பழைய ஸ்பானிஷில் வரலாற்றேட்டைக் குறிக்கும் ‘க்ரோனிக்கா’ என்ற சொல்லைக் ‘கொரோனிக்கா’ என்றே எழுதியிருக்கிறார்கள். நாம் ‘கிராமம்’, ‘பிராணி’ என்று சொல்லும்போது நடுவில் ஓர் இகரம் போடுவது அதே உடல் இயல்புதான். அதனால் ‘கிராசியாஸ்’ என்று வந்தாலும் காதுக்கு உறுத்தாது. அந்த இகரத்தை ஒரு முழு அசையாக நிறுத்திவிடாமல் வேகமாகக் கடந்தால் போதும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது ‘ட’. செய்தித்தாள்களில் ‘மாட்ரிட்’ என்று படித்துப் பழகியதால் அந்த ‘ட்’டையே போடுகிறோம். ஸ்பெயின்காரர் சொல்வது ‘மத்ரித்’. ஸ்பானிஷில் நம் ‘ட’ கிடையவே கிடையாது, எல்லாம் பல்லில் பிறக்கும் தகரம்தான். ‘ட்’டுக்காக நாக்கை மடக்கினால் அடுத்து வரும் ‘ர’வும் பின்னாலேயே மாட்டிக்கொண்டு கனத்துவிடும். தகரத்தை நம் ‘பாத்திரம்’, ‘சூத்திரம்’ போலச் சொல்லுங்கள். ‘பாத்ரே’ தானாகச் சரியாகும்.

சொல்லின் கடைசியிலும், இன்னொரு மெய்க்கு முன்னாலும் வரும் ‘ர்’ கொஞ்சம் நெகிழ்வானது. ‘அமோர்’ (காதல்), ‘கோமேர்’ (சாப்பிடுவது), ‘புவெர்தா’ (கதவு). பொதுவாகத் தட்டல்தான். அழுத்திச் சொல்ல விரும்பினால் துடிக்கவும் விடலாம், பொருள் மாறாது. நமக்கு இங்கே வரும் சிக்கல் வேறு. ‘அவர்’ என்பதைப் பேச்சில் ‘அவரு’ என்கிறோம், அதே பழக்கத்தில் ‘அமோரு’, ‘கோமேரு’ என்று ஓர் உகரம் தொற்றிக்கொள்ளும். அதை வெட்ட வேண்டும். நாக்கு மேட்டைத் தொட்டதும் குரலை நிறுத்திவிடுங்கள். அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் மட்டும் இந்த ‘ர்’ அதோடு ஒட்டிக்கொள்ளும், அப்போது கண்டிப்பாக ஒற்றைத் தட்டல். ‘தார் ஓக்காஸ்’ என்றால் வாத்துகளைக் கொடுப்பது. சேர்த்துச் சொல்லும்போது ‘தாரோக்காஸ்’. ‘தா ரோக்காஸ்’ என்றால் பாறைகளைக் கொடுக்கிறார். இங்கே ‘ரோக்காஸ்’ சொல்லின் முதல் என்பதால் துடிக்கும். எழுத்துகள் அதே வரிசை, நாக்கு நுனி மட்டும் பொருளைப் பிரித்துக் காட்டுகிறது. இதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நினைவில் வைக்க உதவும். லத்தீனில் பல மெய்கள் ஒற்றை, இரட்டை என்று இரு அளவுகளில் இருந்தன, நம் ‘புளி, புள்ளி’ போல மெய் இரட்டித்துப் பொருள் மாறும். ‘காருஸ்’ அருமையான, ‘கார்ருஸ்’ வண்டி. ஸ்பானிஷ் வளர்ந்தபோது மற்ற இரட்டைகள் வேறு வேறு ஒலிகளாகிவிட்டன. ஆண்டைக் குறித்த ‘அன்னுஸ்’ இன்று ‘ஆன்யோ’. அந்த இரட்டை ‘ன்’தான் தலையில் அலைக்கோடு போட்ட ஸ்பானிஷ் எழுத்தாக நிற்கிறது. ‘ர்ர’ மட்டும் பழைய நீளத்தைத் துடிப்பாக வைத்துக்கொண்டது. ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் மொழி இருக்கிறது, ஸ்பானிஷோடு எந்த உறவும் இல்லாத மொழி. அவர்கள் மரபில் எந்தச் சொல்லும் ரகரத்தில் தொடங்காது. ரோமை ‘எர்ரோமா’ என்பார்கள், ரோஜாவை ‘அர்ரோசா’. நாம் இராமன், உரோமம், அரங்கன் என்று முன்னால் ஓர் உயிர் வைப்பது போலவே. இதைப் படித்தபோது இரண்டு நாள் வேறெதுவும் ஓடவில்லை எனக்கு.

ஊருக்கு ஊர் மாறுவதையும் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாட்டும் பேட்டியும் கேட்டுக் குழம்புவீர்கள். புவெர்தோ ரீக்கோவில் அசை முடிவில் வரும் ‘ர்’ பெரும்பாலும் ‘ல்’ பக்கம் சாயும், ‘புவெர்தா’ ‘புவெல்தா’ போலக் கேட்கும். அங்கே பலர் ‘ர்ர’வைத் தொண்டையில் உரசுவதால் ‘கார்ரோ’ ‘காஹோ’ மாதிரி இருக்கும். டொமினிக்கன் குடியரசின் வடக்கில் சிபாவோ பகுதியில் அதே ‘ர்’ ‘ய்’ ஆகிவிடும், ‘கோமேர்’ ‘கோமேய்’. கியூபாவில் அடுத்த மெய்யை இரட்டித்து, இறைச்சியைக் குறிக்கும் ‘கார்னே’யைக் ‘கான்னே’ என்பார்கள். தென் ஸ்பெயினின் அந்தலூசியாவில் சொல்லின் கடைசி ‘ர்’ உதிர்ந்தே போகும். ஈக்வடார், பொலிவியா மலைப்பகுதிகளிலும் கோஸ்டா ரிக்காவிலும் ‘ர்ர’ துடிக்காமல் ‘ஸ்ஸ்’ என்று சீறுவது போல ஒலிக்கும். இவை எதுவும் தவறு அல்ல, அவரவர் ஊர்ப்பேச்சு. ஆனால் இந்த ஊர்களிலும் ‘பேரோ’வும் ‘பேர்ரோ’வும் வேறு வேறாகவே கேட்கும், இரண்டாவதை உண்டாக்கும் விதம்தான் மாறுகிறது. கற்றுக்கொள்பவர் துடிப்பையே பிடித்துக்கொள்வது நல்லது, அது எல்லா நாட்டிலும் செல்லும்.

எவ்வளவு நேரம் துடிக்க வேண்டும் என்றும் சிலர் கேட்பார்கள். சாதாரணப் பேச்சில் இரண்டு, மூன்று தட்டுகள்தான். ஐந்து, ஆறு என்று நீட்டுவது மேடைப் பேச்சுக்கோ கோபத்துக்கோ. பஸ் ஓட்டிப் பழகிய பிறகு அதைச் சுருக்கவும் பழக வேண்டும். ஸ்பானிஷ் குழந்தைகள் சொல்லும் நாப்பிறழ்ச் சொற்றொடர் ஒன்று இதற்கு ரொம்ப உதவும்: ‘எர்ரே கோன் எர்ரே சிகார்ரோ, எர்ரே கோன் எர்ரே பர்ரீல்’. ‘எர்ரே’ என்பது அந்த எழுத்தின் பெயர், ‘சிகார்ரோ’ சுருட்டு, ‘பர்ரீல்’ பீப்பாய். மெதுவாகத் தொடங்கி, ஒவ்வொரு துடிப்பும் இரண்டு தட்டாகச் சுருங்கும்வரை வேகத்தைக் கூட்டுங்கள்.

அப்புறம் ஒரு சோதனை. ‘கெரீயா, கெர்ரீயா, காரோ, கார்ரோ, எந்தெராதோ, எந்தெர்ராதோ’ ஆறையும் ஒரு தாளில் உங்கள் விருப்பப்படி வரிசை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரிசையில் படித்துக் கைபேசியில் பதிவு செய்து, தாளைக் காட்டாமல் உங்கள் ஆசிரியைக்கு அனுப்புங்கள். எது எது என்று அவர் எழுதி அனுப்பட்டும். துடிக்கும் சொற்கள் மூன்றும் பொருந்தி, ஒற்றை ‘ர’ சொற்கள் தவறினால், துடிப்பு வந்துவிட்டது, ஒற்றை ‘ர’வை மட்டும் இன்னும் கொஞ்சம் ‘மரம்’ சொல்லும் லேசுக்கு இறக்க வேண்டும் என்று அர்த்தம். துடிக்கும் சொற்களே தவறுகின்றன என்றால் ‘கன்று’விலிருந்து மறுபடி தொடங்குங்கள். என்ன ஆயிற்று என்று எழுதுங்கள், எந்தச் சொல்லில் சிக்குகிறது என்று தெரிந்தால் நாக்கு எங்கே நிற்கிறது என்று என்னால் சொல்ல முடியும்.